குளிருக்கு வாங்கிய பேண்ட்

வரதராஜப் பெருமாள் துணை
தில்லி, 9.1.1998

சாரங்கன் அப்பாவுக்கு, அலர்மேல்மங்கை பணிந்து எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? காலையில் வடித்த சோற்றையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே பனி அதிகம். சமைக்கப் போகும் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறுவதற்குள் முட்டி மரத்துப்போகிறது. பக்கத்து அறை அலிமா, நம் ஊர் பஜார் தெருக்காரி, ஞாயிறு சந்தைக்கு அழைத்துப் போனாள். சிரிக்காதீர்கள், புடவைக்குள் போட்டுக்கொள்ள ஒரு கம்பளி பேண்ட் வாங்கினேன். புதியவை எல்லாம் பஸ் படி ஏறினால் தொடையைப் பிடிக்கும் போலிருந்தன. ஒரு பழசு மட்டும்தான் மெத்தென்று இருந்தது. துவைத்துக் காயவைத்து, பழக்கத்தில் ஓரத்தில் மஞ்சள் தடவிப் பெருமாள் படத்தின்முன் வைத்துவிட்டேன்.

"இன்னாக்கா, யாரோ போட்டுக் கழட்டுனதுக்குப் போய் மஞ்சள் வெச்சிகினு கீறே?" என்றாள் அலிமா.

நானும் சிரித்தேன். ஆனால் ஆணியில் மாட்டியபோது, அதன் முட்டி யாரோ நடக்கிற மாதிரியே மடிந்து நின்றது. போட்டிருந்தவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ என்று பஸ்ஸில் தினமும் நினைப்பு வருகிறது. கதகதப்பாகத்தான் இருக்கிறது.

நம் சாரங்கன் போய் மாசியோடு ஒரு வருஷம். அவன் துணிகளைத் திதியன்று கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுத்துவிடுங்கள். நம் உத்திரமேரூரில் மட்டும் யாருக்கும் வேண்டாம், காஞ்சிபுரம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவன் பேண்ட் தெருவில் எதிரே நடந்து வந்தால், பக்கத்தில் உங்களைப் பிடித்துக்கொள்ள நான் இல்லை.

அலிமா தபாலுக்குக் கிளம்பிவிட்டாள்.

அலர்மேல்மங்கை