ஆடாத கல்

பெரம்பலூர்
3 மார்ச் 1946

அன்புள்ள சாந்திக்கு,

நீயும் உன் பள்ளிக்கூடமும் சுகமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். பொறுமை இல்லை.

பேராசிரியர் சென்னையிலிருந்து பதில் எழுதிவிட்டார். மூன்றாம் அத்தியாயத்தைப் படித்திருக்கிறார். "இதுதான் உன் ஆய்வு. முன்னால் உள்ள இரண்டும் இதற்கு வாசற்படி" என்கிறார். இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

மார்கழியில் உன் ஊருக்கு வந்திருந்தபோது, எல்லோரும் அறுப்புக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்தில், சிலுவை நட்ட குருசடி மேட்டின் ஓரத்தில் நாம் இருவரும் தோண்டி எடுத்த அந்தச் சுருள் கல்லைப் பற்றியதுதான் அத்தியாயம். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் கிடந்தது என்று வெள்ளைக்காரர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கிடப்பதே சாட்சி. ஆனால் அவர்கள் வரைந்த படத்தில் அந்த நிலம் உன் சூசையூருக்கு எட்டு மைல் மேற்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வெறும் செம்மண். அந்தச் செம்மண்ணின் நடுவில் கடல் நத்தை கிடைத்தால் படத்தின் எல்லைக்கோட்டையே தள்ளிப் போட வேண்டும். நான் தள்ளிப் போட்டுவிட்டேன், சாந்தி.

ஜூன் முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலைக்கு என் பெயரைச் சொல்வதாக எழுதியிருக்கிறார். கொடுக்காவிட்டால் உதவிச்சம்பளம் நின்றுவிடும். ஆவணியில் பூலாம்பாடி மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற வந்துவிடுவார்கள். அப்பாவின் கடலை மண்டியில் யாரோ, "உங்க பொண்ணு இன்னும் கல்லுதான் பொறுக்குதா?" என்று கேட்டார்களாம். சாப்பிடும்போது சொன்னார்: "ஆனி வரைக்கும்தான் கமலம். அதுக்கு மேல நாலு பேருக்குச் சொல்ல எங்கிட்ட பதில் இல்ல."

மேட்டின் வரைபடம் ஒன்று வேண்டும். உன் கை என் கையைவிட நேரானது. கல்லோடு சென்னைக்குப் போன பெயர்ச்சீட்டில் "எடுத்தவர்" என்ற இடத்தில் என் பெயரும், "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் உன் பெயரும் இருக்கின்றன. இரண்டும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது பேராசிரியரின் சட்டம். ஆகையால் இது பாதி உன் கல்.

உன்,
செங்கமலம்

*

சேசு மரி சூசை துணை
சூசையூர், வரதராசன்பேட்டை வழி
12 மார்ச் 1946

அன்பு கமலம்,

படம் இதனுடன் இருக்கிறது. அளப்பதற்குக் கயிறு பிடிக்க ஆள் கிடைக்காமல் குருசடிக் கம்பத்தில் கட்டி அளந்தேன். அந்த வழியாக வந்த கோயில் உபதேசியார் சவரியார், "என்னங்க டீச்சர், ஆண்டவரை எங்க இழுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டார். ஊரில் எனக்கு இப்போது கல்லு டீச்சர் என்று பெயர்.

திருச்சியில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாட்களை நினைத்தேன். அப்பா இறந்திருக்காவிட்டால் நானும் உன்னோடு சென்னைக்கு வந்திருப்பேன். வருத்தமாக எழுதவில்லை. பாதிக் கல் எனக்கு என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஒரு வேளைச் சாப்பாடும் ரேஷன் அரிசியும் நல்ல ஜோடி. நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
சாந்தி மேரி

*

சேசு மரி சூசை துணை
சூசையூர்
20 ஏப்ரல் 1946

அன்பு கமலம்,

இதை உட்கார்ந்து படி.

நேற்று பெரிய வெள்ளி. இந்த ஊரில் எனக்கு முதல் பெரிய வெள்ளி. எங்கள் ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் இல்லாத ஒரு வழக்கம் இங்கே இருக்கிறது. சிலுவைப்பாதை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் தலையில் கல்லைச் சுமந்துகொண்டு வந்தார்கள். பாரக்கல் என்கிறார்கள். ஆண்டவர் சுமந்த பாரத்தில் தங்கள் பங்காம். அதைக் குருசடியைச் சுற்றி இறக்கி, மேலே ஏரிமண்ணைக் கூடை கூடையாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது. மேடு அப்படித்தான் மேடாகியிருக்கிறது.

கல் அவரவர் உழுகிற நிலத்திலிருந்து வர வேண்டும். வாக்கப்பட்டு வந்தவள் மட்டும் முதல் வருஷம் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும். இந்த ஊரில் அடைக்கலமேரி என்பவள் வீட்டுப் புது மருமகள் தலையிலிருந்து இறக்கியது, கமலம், ஒரு சுருள் கல்.

"எங்கேருந்தும்மா கொண்டாந்தே?"

"எங்கூருலேருந்துங்க டீச்சர். கீழமேட்டூரு. ஏரிக்கரை பூரா இதாங்க கெடக்கு."

கீழமேட்டூர் உன் படத்தின் பழைய கோட்டை ஒட்டி இருக்கிறது. நீ உடனே பேராசிரியருக்கு எழுத வேண்டும். உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சாந்தி

*

பெரம்பலூர்
27 ஏப்ரல் 1946

சாந்திக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான், தட்டச்சுக்குக் கொடுத்திருந்த பிரதியும் வீடு வந்து சேர்ந்தது. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மருமகள் ஒரு கல்லைக் கொண்டுவந்தாள் என்பதால் மேட்டில் உள்ள கல் எல்லாம் வந்த கல் ஆகிவிடுமா? நாம் எடுத்தது மேலே கிடந்ததல்ல. முழங்கை ஆழத்தில், இறுகிய மண்ணுக்குள் இருந்தது. கையால் ஆட்டினால் ஆடாத கல்தான் அந்த இடத்துக் கல் என்பது நான் படித்த முதல் பாடம். அது ஆடவில்லை.

பேராசிரியர் அந்த அத்தியாயத்தின் சுருக்கத்தை இங்கிலாந்துக்கு, பரீட்சகருக்கு அனுப்பிவிட்டார். இப்போது போய், மனிதர் கொட்டிய மேடு எது, இயற்கை நிலம் எது என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதட்டுமா? பெண்பிள்ளைக்கு இது வேண்டாத வேலை என்று சொன்னவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் இலையில் நானே விருந்து பரிமாறட்டுமா?

ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள். நீ எழுத முடியாமல் போனதை நான் எழுதி முடிக்கும் நேரத்தில்தானா இது உன் கண்ணில் பட வேண்டும்? அளந்து படம் போட்ட மார்ச் மாதத்தில் உனக்கு எதுவும் தெரியவில்லையா?

செங்கமலம்

*

சேசு மரி சூசை துணை
சூசையூர்
8 மே 1946

செங்கமலத்துக்கு,

மார்ச்சில் எனக்குத் தெரியாது. எடுக்க யாரும் தடை சொல்லக் கூடாதே என்று ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நாம் போனோம். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்க ஒரு ஆள்கூட இல்லாமல் போனது அதனால்தான். அந்தத் தப்பில் பாதி என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.

பொறாமை உண்டா என்றுதானே கேட்டாய். உண்டு. உனக்கு நான் அதை எப்போதும் மறைத்ததில்லை. ஆனால் சீட்டில் இருப்பது என் பெயர். "சரிபார்த்தவர்" என்று போட்டுவிட்டாய். நான் எதையும் சரிபார்க்கவே இல்லை. அதனால் இப்போது பார்த்தேன்.

உபதேசியாரிடம் போய் நாம் எடுத்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அது கல்லு இல்லீங்க டீச்சர். யாரோ ஒருத்தி, மவனுக்குக் காச்சல் எறங்கணும்னு வேண்டிக்கிட்டு, வெறுங்காலோட தலையில சொமந்தது. அதப் போயி பெட்டியில வெச்சுப் பூட்டுவீங்களா?" என்றார். அடைக்கலமேரி பக்கத்திலேயே இருந்தாள். "டீச்சர் படிச்சவங்க, அவங்களுக்குப் பாரம்னா புஸ்தகம்தான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பங்குச்சாமியார் வரச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் அவருடையது. என்ன சொல்வாரோ தெரியாது.

மார்கழியில் ஞாபகத்துக்கு என்று ஒரு சின்னக் கல்லை நான் வைத்துக்கொண்டேன் அல்லவா, அதை உபதேசியாரின் கண்முன் அதே குழியில் திரும்ப வைத்தேன். வைப்பதற்காகக் குழியைச் சுத்தம் செய்தபோது, உன் சுருள் கல் உட்கார்ந்திருந்த அச்சுக்கு ஒரு சாண் கீழே நாட்டு ஓட்டுத் துண்டு ஒன்று வந்தது. சூளையில் சுட்ட ஓடு. அந்தக் கடலில் வீடு யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஓட்டை இத்துடன் அனுப்புகிறேன். இடம், ஆழம், தேதி எல்லாம் எழுதியிருக்கிறேன். சரிபார்த்தவர்: சவரியார், உபதேசியார்.

இன்னொன்று. அது ஆடவில்லை என்று எழுதியிருந்தாய். நீ ஆட்டிப் பார்க்கவில்லை. சுருளின் விளிம்பைக் கண்டதும் கடப்பாரையை எடுத்துவிட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இனி உன் விருப்பம்.

சி. சாந்தி மேரி

*

பெரம்பலூர்
16 ஜூன் 1946

சாந்தி,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்று எழுதத் துணிவு வரவில்லை, இன்று வந்தது என்று சொன்னால் பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன்.

ஓட்டுத் துண்டை மேசையிலேயே வைத்திருந்தேன். அம்மா பெருக்கும்போது இரண்டு தடவை குப்பை என்று எடுத்தாள். இரண்டு தடவையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் என் குற்றமாகாது என்று நினைத்தேன். இரண்டு தடவையும் வாசலில் போய்த் திரும்பி வந்து, "இது உன்னோடதா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

பிறகு என் அத்தியாயத்தை வேறொருத்தி எழுதியதுபோலப் படித்தேன். "மேடு இயற்கையானது" என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். எப்படித் தெரியும் என்று ஓரத்தில் எழுதப் போனேன். பதில் எழுத எதுவுமே இல்லை. மேட்டைப் பார்த்த அன்றே அது நிலம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் அந்த முடிவுக்குத் துணை தேடித்தான். இத்தனை புத்தகம் படித்தவள் ஒரு கல்லைக் கையால் தொட்டு ஆட்டவில்லை. நீ சொன்னது சரி. கடப்பாரையைத்தான் எடுத்தேன்.

பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் நான்கு வரி. அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்கிறார். எடுத்தால் மீதி ஆய்வேடாகாது. கள ஆதாரம் வேறு இருந்தால் டிசம்பரில் கொடுக்கலாம், உதவிச்சம்பளம் கிடையாது, வேலைக்கு வேறு ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டார். கடைசியில், "இந்தக் கடிதத்தை நீ எழுதியது நல்லது" என்று இருக்கிறது. சுருள் கல்லையும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்பா கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "யாரும் கண்டுபிடிக்கலல்ல? நீயாத்தானே சொன்னே?" என்றார். ஆமாம் என்றேன். "பைத்தியம்" என்று மண்டிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. பூலாம்பாடிப் பேச்சை அவர் அன்று எடுக்கவில்லை, அம்மா எடுத்தாள்.

அதையும், மேட்டிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்திருந்த மற்றக் கல் எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றி அனுப்பியிருக்கிறேன். அரியலூர் ஸ்டேஷனில் வாங்கிக்கொள். சுமந்தவள் யாரென்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உபதேசியாரிடம் சொல்.

உன்னிடம் கேட்க வேண்டியது வேறு. ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் உன்னைக் கேட்டேனே ஒரு கேள்வி, அதை எழுதும்போதே பொய் என்று தெரியும். கையெழுத்தும் போட்டேன். பங்குச்சாமியார் என்ன சொன்னார்? உன் வேலை இருக்கிறதா? அதை மட்டுமாவது எழுது. என்னைப் பற்றி எழுத வேண்டாம்.

கமலம்

*

சேசு மரி சூசை துணை
சூசையூர்
3 ஜூலை 1946

வேலை இருக்கிறது. கல் எல்லாம் மேட்டுக்குத் திரும்பிய பிறகு சாமியார், "இனிமே கேட்டுட்டு எடுங்க" என்றார், அவ்வளவுதான். அந்தச் சுருள் கல்லை ஸ்டேஷனிலிருந்து வண்டியில் கொண்டுவந்து, மேட்டுக்கு நானே தலையில் சுமந்து ஏற்றினேன். கனம் நீ சீட்டில் எழுதியதைவிட அதிகம். அடைக்கலமேரி சும்மாடு கட்டிவிட்டாள். "இப்பத்தான் டீச்சருக்குப் பாரம்னா என்னன்னு தெரியுது" என்றாள்.

மற்றதைப் பற்றி இப்போது எழுத எனக்கு வரவில்லை. இதை மட்டும் எழுதுகிறேன்.

போன ஞாயிறு அவள் மருமகளோடு கீழமேட்டூருக்குப் போனேன். ஏரிக்கரையில் சுருள் கல் நிறையக் கிடக்கிறது. அதை நம்பவில்லை, கரைக்குக் கல்லை யாராவது கொண்டுவந்துதான் கொட்டியிருப்பார்கள். கேட்டேன். ஆமாம் என்றார்கள். எங்கிருந்து என்று கேட்டேன். ஊருக்குக் கிழக்கே ராசாங்கம் என்பவர் கொல்லையில் கிணறு வெட்டுகிறார்கள், அங்கேயும் இதுதான் வருகிறது, போய்ப் பாருங்கள் என்றார்கள். கூடையில் உட்கார்ந்து இறங்கினேன். மேலே இருந்தவர்கள் சிரித்ததை நீ கேட்டிருக்க வேண்டும். சுவர்ப் பாறையிலேயே சுருள் கல் பதிந்திருக்கிறது, நின்று ஆழத்தை அளந்தேன். உன் படத்தின் பழைய கோட்டுக்கு எட்டு மைல் இல்லை, ஒன்றரை மைல் கிழக்கே இருக்கிறது அந்தக் கிணறு.

கல்லை எடுக்கவில்லை. சீட்டு மட்டும் எழுதியிருக்கிறேன்.

பொருள்: சுருள் நத்தை, கல்லானது.
இடம்: கீழமேட்டூர், ராசாங்கம் கொல்லைக் கிணறு, கிழக்குச் சுவர்.
நிலை: பாறையோடு பாறையாக. இரண்டு கையாலும் ஆட்டினேன். ஆடவில்லை.
பார்த்தவர்: சி. சாந்தி மேரி.
சரிபார்த்தவர்:

ஆடி பிறந்ததும் கிணற்றுக்கு உள்சுவர் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை உங்கள் ஊரிலிருந்து கரியில் ஓடும் பஸ் வரும் நேரத்துக்கு அரியலூரில் நிற்பேன். அப்பாவிடம் சொல்லிவிட்டு வா, சொல்லாமல் வராதே.

சீட்டின் கடைசி வரியை நான் நிரப்பக் கூடாது.

சாந்தி