சுப்புணியும் தேசம்மாவின் கருவாடும்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பட்டினப்பாக்கம் கடற்கரை. ஆள் அதிகம் இல்லையே என்று சுப்புணியின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். நாள் முழுக்க மூன்றாவது மாடி ஃபிளாட்டில் சுருண்டு கிடக்கிற நாய். என்ன ஓட்டம்! நேரே போய் நின்றது மணலில் காயப்போட்டிருந்த நெத்திலி மேல்.

கருவாட்டுக்காரி தேசம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் பண்ணாதும்மா" என்றேன்.

"இன்னாத்த பண்ணாது? அதான் துன்னுக்கினு கீதே!"

வாக்கிங் வந்த மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் வேறு: "பப்ளிக் பிளேஸ் மேடம். கயித்தைப் புடிங்க." சொன்னது நியாயம்தான். அதனால் இன்னும் கோபம்.

கடைசியில் தேசம்மாவே வழி சொன்னாள். "கூப்ட்டா வரணும். கருவாட்டாண்ட வாய் வெக்கக் கூடாது. நாயித்துக்கெழம செஞ்சி காட்டு, அப்பால அவுத்து உடு. இல்லாங்காட்டி கயிறோட இட்டுக்கினு போ."

ஒப்புக்கொண்டேன். வாய்க்கொழுப்பு.

ஜூன் 10, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் புக் பண்ணவேண்டும். மறக்கக்கூடாது.

சாயங்காலம் மொட்டை மாடியில் பயிற்சி. வரிசையாகத் தட்டுகள்: தயிர்சாதம், அப்பளம், மெதுவடை. "வேண்டாம்" என்றால் நகர்கிறான். "வா" என்றால் வருகிறான். இவ்வளவுதானா!

ஜூன் 11, புதன்

மண்டு. நான்தான்.

கடற்கரையில் நீளக் கயிறு கட்டிப் பார்த்தேன். நெத்திலி வாசம் வந்ததும் அவனுக்குக் காதே கேட்கவில்லை. தயிர்சாதத்தை வைத்துப் பழக்கினால் தயிர்சாதத்தைத்தான் விடுவான். மீனே நுழையாத வீட்டில் எனக்கு வேறென்ன தோன்றும்!

தேசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "தயிர்சோறா? அத்த நானே தொடமாட்டேன்!"

அவளிடமே ஒரு பொட்டலம் கருவாடு வாங்கினேன்.

ஜூன் 12, வியாழன்

மூன்று கவர் போட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தும் என் கணவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"என்னடி நாத்தம் இது? மாடில என்னத்த வெச்சுண்டிருக்க?"

"கருவாடு. சுப்புணியைப் பழக்கறதுக்கு."

"நம்மாத்துலயா!" மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். இனி ரகளைதான் என்று நினைத்தேன். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "உன் குரல் எடுபடலை. நகரு, நான் சொல்றேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஜூன் 14, சனி

சிலிண்டர் புக் பண்ண மறந்தாச்சு. ராத்திரி கேஸ் தீர்ந்து, இட்லி மாவு மாவாகவே நின்றுவிட்டது.

பயம். நாளைக்குச் சொதப்பினால் அவனுக்கு ஆயுசுக்கும் கயிறுதான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாமல் வாலை ஆட்டுகிறான்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம், நல்ல காற்று. தேசம்மா வேண்டுமென்றே வழியை மறித்துக் கருவாட்டைப் பரப்பியிருந்தாள். குப்பத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவிழ்த்தேன். பாய்ந்தான். நெத்திலிக்கு ஒரு சாண் மேலே மூக்கு.

"வேண்டாம்!" கூட வந்திருந்த என் கணவர் போட்ட சத்தத்தில் காக்காய்கள் பறந்தன. சுப்புணி நின்றான். வாயில் எச்சில் ஒழுகுகிறது.

"சுப்புணி, வா!"

கருவாட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வந்தான்! வந்தேவிட்டான், என் ராஜா!

ஒரே விசில். தேசம்மா கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள். "இன்னா சார், இப்ப சொல்லு!"

அவருக்கும் சிரிப்பு. "கூட்டம் சேர்றவரைக்கும் விடுங்க மேடம். அப்புறம் கட்டிடணும்."

"கட்டிடறேன் சார்." ரோட்டில் எப்போதும் கயிறு, அதையும் நானே சொன்னேன். ஜெயித்த பிறகு தாராளம் வருகிறது.

மறுபடி விட்டேன். அலை வரைக்கும் ஓடினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் கணவரும் பின்னாலேயே.