சிலுவையம்மாள் லாரியின் பின் டிரம்

21 ஜனவரி 1952, திங்கள்
மீன் வியாபாரம் செய்யும் சிலுவையம்மாளின் லாரி நகரவில்லை என்று காசிமேட்டிலிருந்து ஆள் வந்தது. ரிப்பேர் பார்க்கப் போனேன். யுத்தத்தில் ஓடி ஓய்ந்த பட்டாள லாரி. டிரைவர் ஊருக்குப் போனதிலிருந்து மூன்று மாதமாகக் கைப்பிரேக்கை இழுத்துக் கடற்கரையில் நிறுத்தியிருக்கிறாள். போதாததற்கு, கட்டுமரத்தைக் கழுவுவது போல வாராவாரம் கடல் தண்ணீரில் குளிப்பாட்டல் வேறு. பின் சக்கரம் இரண்டிலும் பிரேக் டிரம் துருவேறி, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவோடு ஒட்டிக்கொண்டது.

"உப்புத் தண்ணி பட்டா இரும்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்றேன்.

"எங்க கட்டுமரத்துக்கு ஒண்ணும் ஆவலியே!" என்றாள்.

22 ஜனவரி
மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். டிரம்மைச் சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை.

23 ஜனவரி
இன்றும் தட்டல்தான். பக்கத்து வீட்டுப் பிலோமி, "இன்னா மேஸ்திரி, பூசைக்கு மணி அடிக்கிறியா?" என்றாள். தெருவே சிரித்தது. சிலுவையம்மாளும் சிரித்தாள். புருஷன் செத்துப்போன இந்த நாலு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபமே வரவில்லை.

24 ஜனவரி, வியாழன்
திங்கட்கிழமைக்குள் லாரி ஓடாவிட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, பழவேற்காட்டில் அண்ணன் பாஸ்கல் வீட்டோடு போய்விடுவாளாம். போகட்டுமே, எனக்கென்ன?

எனக்கென்னவா? ஞானதுரை, உன் நோட்டிலேயே பொய் எழுதுகிறாயே! அவள் போகக் கூடாது.

25 ஜனவரி
புளோ லாம்ப் நெருப்பால் டிரம்முக்குச் சூடு காட்டினேன். விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

26 ஜனவரி, சனி
எழுதவே கூசுகிறது. இருபது வருஷத் தொழில் எனக்கு! சிலுவையம்மாள் லாரிக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கம்பிக் கயிறு இன்னும் வெறப்பா கீதே?"

"அது கைப்பிரேக் கயிறு. மேலே லிவரை எறக்கிட்டேன்."

"மேல எறக்கி இன்னா, கீழ இழுத்துகினுதானே கீது? கயித்த அவுக்காம மரத்தத் தள்ளுனா போவுமா, மேஸ்திரி?"

கயிறு துருவில் சிக்கி, லிவரை இறக்கியும் தளரவேயில்லை. நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைக் கழற்றினேன். ஷூவை இறுக்கும் திருகையும் தளர்த்தினேன். டிரம்மில் அதற்கென்றே இருக்கும் இரண்டு ஓட்டையில் போல்ட்டைப் பூட்டி, மாற்றி மாற்றி முறுக்கினேன். 'டொக்' என்று டிரம் கழன்று வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் மற்றதும் வந்தது. பிலோமி கை தட்டினாள், எனக்கல்ல, சிலுவையம்மாளுக்கு.

28 ஜனவரி, திங்கள்
துருவைத் தேய்த்து மறுபடி பூட்டியதும் லாரி ஓடியது. டிரைவர் இன்னும் வரவில்லை. மீன் ஏற்ற எண்ணூர் வரை நானே ஓட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வழியாக வாயைத் திறந்து, "பிரேக்க வாராவாரம் வந்து பாக்கணும்" என்றேன்.

"வாராவாரம் இன்னாத்துக்கு வந்து போய்கினு? இங்கயே இருந்துடேன்" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே.

நடுரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டேன். நன்றாகவே பிடித்தது.

10 பிப்ரவரி, ஞாயிறு
இன்று பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தார்கள். தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிலோமிகூடத் திறக்கவில்லை.