மாடத்தைப் பார்க்காதே, அம்மா

ஹாக்னி,
1732 அக்டோபர் 4, எல்லோரும் தூங்கிய பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

பகலில் எழுதிய கடிதம் இதற்கு முன்பே உனக்கு வந்திருக்கும். "மதிப்புக்குரிய தாயாருக்கு, நான் நலம், பிரெஞ்சுப் பாடம் நன்றாகப் போகிறது" என்று ஆரம்பிக்கும். எங்கள் விடுதிப் பள்ளியை நடத்தும் கிளேபர்ன் அம்மையார் படித்துப் பார்த்து முத்திரை வைத்த கடிதம் அது. அதை நம்பாதே. இதுதான் என் கடிதம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னித்துக்கொள். காலையில் பால்காரி ஜோன் பின்வாசலுக்கு வருவாள், அவளிடம் கொடுத்துவிடுவேன். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, நீ பயப்படாம குடு" என்கிறாள்.

அம்மா, விஷயம் இதுதான். எங்கள் வகுப்பில் லெட்டிஸ் ஹார்கிரேவ் இருக்கிறாளே, அவளுடைய தாயார் நாடகக் கொட்டகையில் பணக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கிற ஒரு மாடம் முழுவதையும் எடுத்து, நடன வகுப்புப் பெண்கள் எல்லோரையும் அழைத்திருக்கிறார். பதினாறாம் தேதி. உன் புது நாடகம். முதல் நாள். கிளேபர்ன் அம்மையாரும் வருகிறார். நானும் போகவேண்டும்.

இங்கே எல்லோருக்கும் நீ ஒரு கப்பல் தலைவரின் விதவை. கறுப்புத் துணி உடுத்திப் பின்சந்து வழியாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறவள். மேடையில் பாடுகிற திருமதி ஃபென் நீதான் என்று தெரிந்தால், அன்றைக்கே என் பெட்டியைத் தெருவில் வைத்துவிடுவார்கள். போன வருடம் ஒரு பெண்ணின் அத்தை கயிற்றின்மேல் நடக்கிறவள் என்று தெரியவந்தது. மறுநாள் அவள் கட்டிலில் விரிப்புக்கூட இல்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கள் மாடத்தைப் பார்க்காதே. நீ பார்த்தால் என் முகம் மாறிவிடும். லெட்டிஸுக்கு முகம் படிக்கத் தெரியும்.

பயமாக இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. பணக்கார ஆட்கள் மேடைமேலேயே நாற்காலி போட்டு உட்காருவார்களாமே, உண்மையா? நீ எப்படி நடப்பாய்? பழம் எறிவார்களாமே, வலிக்குமா? காசு கொடுத்து உள்ளே வந்துவிட்டு ஏன் கத்துகிறார்கள்? பிடிக்கவில்லையென்றால் வீட்டிலேயே இருக்கலாமே!

உன் மகள்,
ஹெப்சி


லண்டன்,
அக்டோபர் 7

என் கண்ணு ஹெப்சிக்கு,

ஜோன் கொண்டுவந்த கடிதத்தில் பால் வாசனை. இரண்டு தடவை படித்தேன்.

பார்க்கமாட்டேன். சத்தியம். மாடங்கள் எனக்கு இடது பக்கம் இருக்கும். நான் வலது பக்கத்து மெழுகுவர்த்திகளைப் பார்த்தே பாடிவிடுகிறேன். சாயங்காலம் முழுவதும் அங்கே மாடம் என்று ஒன்றே இல்லை என்று வைத்துக்கொள்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். மேடைமேல் உட்காருவார்கள், உண்மைதான். போன மார்ச்சில் நான் விஷம் குடித்துச் செத்துக் கிடந்தபோது ஒரு கனவானின் காலணி என் முடிமேல் இருந்தது. செத்தவள் எப்படி இழுப்பாள்? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். "ஏம்மா, செத்துட்டியா? கொஞ்சம் மூக்குப்பொடி போடுறியா?" என்று குனிந்து கேட்டார். கேலரி முழுக்கச் சிரித்தது. ஆரஞ்சு வலிக்காது, ஆப்பிள் வலிக்கும்.

ஏன் கத்துகிறார்கள் என்பது நல்ல கேள்வி. வீட்டில் அவர்கள் சொல்வதை யார் கேட்கிறார்கள்? கடையில் முதலாளி கத்துவான், வீட்டில் எஜமான் கத்துவான். கொட்டகையில் மட்டும் அவர்கள் நீதிபதி. நாடகம் நிற்பதும் விழுவதும் அவர்கள் தொண்டையில் இருக்கிறது. எஜமானுக்கு இடம் பிடிக்க மத்தியானமே வந்து உட்காருகிற வேலைக்காரர்களை, எஜமான் வந்ததும் மேல் கேலரிக்கு இலவசமாக அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அவர்கள்தான் பெரிய நீதிபதிகள்.

என் பாட்டு இரண்டாம் அங்கத்தில் வருகிறது. கூடையோடு வந்து பாடவேண்டும். மெட்டு என்ன தெரியுமா? நம் நண்டுக்காரி மெட்டு! லண்டனில் அது தெரியாத வாய் கிடையாது. நம் நாடகங்களுக்கு அதுதானே வழக்கம், தெருவில் கிடக்கிற மெட்டை எடுத்துப் புது வரி போடுவது. நண்டுக்குப் பக்கவாட்டில் நடக்கச் சொல்லிக்கொடுத்தது வக்கீல்தான் என்று பாடுகிறேன். துணி துவைக்கும்போது நான் பாட, ஒவ்வொரு வரி முடிந்ததும் நீ தொட்டி மூடியில் டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டுவாயே, நினைவிருக்கிறதா? ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

உன்னிடம் மறைக்க வேண்டாம். முதல் நாளே கத்தியும் குழல் ஊதியும் விரட்டிவிட்டால், மறுநாள் மேனேஜர் பழைய நாடகத்தைப் போட்டுவிடுவார். அதில் எனக்கு வேஷம் இல்லை. மறுபடி ஊர் ஊராய்த் தானியக் களஞ்சியங்களில் ஆடுகிற கோஷ்டியோடு வடக்கே போகவேண்டியதுதான். குளிர்காலம் முழுக்க உன்னைப் பார்க்க முடியாது. அதனால் நாடகம் விழாமல் நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்.

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுது. சுவர் ஈரம்.

உன் அம்மா


ஹாக்னி,
அக்டோபர் 11, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

வேண்டிக்கொண்டேதான் இருந்தேன். இன்றைக்கு எல்லாம் கெட்டுப்போயிற்று.

லெட்டிஸின் அண்ணன் நெட் சட்டம் படிக்கிறான். உன் பாட்டில் வக்கீல்களைக் கேலி செய்திருப்பது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவனும் அவனுடைய கூட்டாளிகளும் தரை பெஞ்சுகளில் உட்கார்ந்து, அந்தப் பாட்டு வரும்போது பூனைக்குழல் ஊதி நாடகத்தை விழவைக்கப் போகிறார்களாம். அவன் தொப்பியைத் தூக்கியதும் ஆரம்பம். தங்கைக்கும் ஒரு பை நிறையக் குழல் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

இன்று படுக்கப்போகும் முன் லெட்டிஸ் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். தகரத்தில் செய்தது, சின்னது, கட்டைவிரல் நீளம்தான். தலையணைக்குள் வைத்து மெதுவாக ஊதிப் பார்த்தேன். நிஜமாகவே வாலை மிதித்த பூனைதான். (இதற்குள் என்ன இருக்கிறது அம்மா? பிரித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.)

"எனக்கு வேணாம்" என்றேன்.

"ஏன் வேணாம்? அந்தப் பாட்டுக்காரி உனக்கு என்ன சொந்தமா?" என்றாள் லெட்டிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். "எல்லாரும் ஊதணும். எவ ஊதலையோ, அவளைப் பத்தி நான் விசாரிப்பேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

என்ன செய்ய? காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளட்டுமா? மேனேஜரிடம் சொல்லிப் பாட்டை எடுத்துவிட முடியாதா? சீக்கிரம் எழுது.

ஹெப்சி


லண்டன்,
அக்டோபர் 13

ஹெப்சிக்கண்ணு,

பாட்டை எடுக்க முடியாது. எடுத்தால் எனக்கு மிஞ்சுவது ஒரு கூடை மட்டும்தான். காய்ச்சல் என்றால் வைத்தியரைக் கூப்பிட்டு உன் ரத்தத்தை எடுப்பார்கள். வேண்டாம்.

ஊது. நான் சொல்கிறேன், ஊது. இருபது குழலோடு இருபத்தொன்று. எது என் மகளுடையது என்று எனக்குத் தெரியவா போகிறது? எத்தனையோ பேர் என்னை ஊதியிருக்கிறார்கள், நான் இன்னும் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் படிப்பு முக்கியம். அந்த வீட்டில் நீ இருக்கவேண்டும்.

குழலுக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும், அவ்வளவுதான். பிரித்தால் திரும்பச் சேராது.

நாடகம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பின்வாசலுக்கு வருகிறேன். கறுப்புத் துணியைத் தேய்த்து வைத்துவிட்டேன்.

உன் அம்மா


ஹாக்னி,
அக்டோபர் 16, வீடு திரும்பிய பிறகு

அம்மா,

நீ அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் எங்கள் மாடத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதே, அதனால் எழுதுகிறேன்.

மேடையில் மட்டும்தான் விளக்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். எல்லோர் தலைக்கு மேலும் எரிகிறது! ஜனங்கள் நாடகத்தைப் பார்ப்பதைவிட ஒருவரையொருவர் பார்ப்பதுதான் அதிகம். ஆரஞ்சுக்காரி ஒருத்தி பெஞ்சுகளுக்கு மேலேயே நடக்கிறாள். முதல் அங்கத்தில் ஒருவர் வசனம் மறந்து நின்றதும் மேல் கேலரியிலிருந்து, "வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வாய்யா, நாங்க இருக்கோம்!" என்று ஒரு குரல். கிளேபர்ன் அம்மையார்கூட விசிறிக்குப் பின்னால் சிரித்தார். எனக்குப் பயமே மறந்துவிட்டது அம்மா. எல்லாவற்றையும் பார்க்க இரண்டு கண் போதவில்லை.

அப்புறம் நீ கூடையோடு வந்தாய்.

முதல் வரிகூட முடியவில்லை. நெட் தொப்பியைத் தூக்கினான். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் வாய் மட்டும் அசைந்தது, குரல் கேட்கவில்லை. ஓர் ஆப்பிள் உன் கூடையில் பட்டு எகிறியது. எங்கள் மாடத்திலும் எல்லோரும் ஊதினார்கள். லெட்டிஸ் என் தொடையைக் கிள்ளி, "ஊதுடீ!" என்றாள். வாயில் வைத்தேன். மூச்சே வரவில்லை.

நீ வலது பக்கத்து மெழுகுவர்த்திகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். சொன்னபடி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரி முடிந்து உதடு மூடியது. அந்த நேரத்தில் என் மூச்சு தானாகக் குழலுக்குள் போய்விட்டது. இரண்டு தடவை. வேண்டுமென்று செய்யவில்லை அம்மா. அந்த இடம் வந்தால் எனக்குத் தட்டாமல் இருக்கத் தெரியாது. கீழே எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம் போலிருக்கிறது, என்னுடையது மட்டும் தனியாகக் கேட்டது.

மேல் கேலரியில் யாரோ, "அட, நண்டுக்காரி கூடையத் தட்டுறாடா!" என்று கத்தினார்கள். அடுத்த வரி முடிந்ததும் மறுபடி ஊதினேன். இப்போது வேலைக்காரர்கள் காலால் இரண்டு தடவை மிதித்தார்கள். கூரையிலிருந்து தூசி விழுந்தது. மூன்றாவது வரிக்குப் பூனைக்குழல் சத்தமே அந்த இடத்தில் வந்து விழ ஆரம்பித்தது. நெட்டையே பார்த்தேன். கோபமாக ஊதிக்கொண்டிருந்தவன் தெரியாமல் சரியான இடத்தில் ஊதிவிட்டு, தானே சிரித்துவிட்டான். தெரிந்த மெட்டை எதிர்த்து எவ்வளவு நேரம் ஊத முடியும்?

"இன்னொரு தடவை!" என்று அவர்கள் கேட்டபோது நீ கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாய். உன் கன்னத்தில் ஆப்பிள் சாறா, வேறு ஏதாவதா?

ஹெப்சி


லண்டன்,
அக்டோபர் 17

என் கண்ணே,

ஆப்பிள் சாறுதான் என்று வைத்துக்கொள்.

நாடகம் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் உண்டு, நாளைக்கும் உண்டு. "அந்த ஊதல் நல்ல யோசனை, யாரோடது?" என்று மேனேஜர் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன்.

எது என் மகளுடையது என்று தெரியாது என்று எழுதினேனே, அது பொய்யாகிவிட்டது. தொட்டி மூடியில் நீ இரண்டாவது தட்டை எப்போதும் கொஞ்சம் அவசரமாகத் தட்டுவாய். நேற்று அந்த இரண்டாவது ஊதலும் அவசரமாக வந்தது. இடது பக்கம் திரும்பக் கழுத்து துடித்தது. திரும்பவில்லை.

நீ தப்பித்தாய், நானும் தப்பித்தேன். லண்டன் முழுக்கத் தெரிந்த மெட்டு, யாரும் உன்னைச் சந்தேகப்பட மாட்டார்கள். இப்படியே இருந்துவிடு. ஞாயிறன்று இறைச்சிப் பணியாரத்தோடு வருகிறேன். பின்கதவைத் திறந்து வை.

உன் அம்மா


ஹாக்னி,
அக்டோபர் 19, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொன்னது சரி. யாரும் சந்தேகப்படவில்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

மூன்று நாளாக இங்கே உன்னைத் தவிர வேறு பேச்சில்லை. படிக்கட்டில் எல்லோரும் நண்டுக்காரி பாடுகிறார்கள். இன்று சாயங்காலம் தையல் வகுப்பில் லெட்டிஸ் ஆரம்பித்தாள். "அந்தப் பொம்பளைக்குப் பயமே இருக்காதா? ஆப்பிள் பட்டா வலிக்காதா?" இன்னொருத்தி, "அவ எங்க தூங்குவா? வீடு இருக்குமா?" இன்னொருத்தி, "புள்ள குட்டி இருக்குமாடீ? இருந்தா, அது என்ன நெனைக்கும்?"

நான் உன்னிடம் கேட்ட அதே கேள்விகள் அம்மா. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஊசியைக் குத்திக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது?

"ஆரஞ்சு வலிக்காது, ஆப்பிள் வலிக்கும்" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் லெட்டிஸ்.

"எங்கம்மா சொன்னாங்க. அவங்கதான் அது."

யாரும் சிரிக்கவில்லை. லெட்டிஸ் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, "செத்துப் போற மாதிரி நடிக்கும்போது கண்ண மூடிக்குவாங்களா, திறந்து வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது. காலணிக் கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் கிளேபர்ன் அம்மையார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. "உன் தாயாருக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும். பின்சந்து வழியா, சத்தமில்லாம" என்றார். என் கட்டில் விரிப்பை இப்போதே எடுத்துவிட்டார்கள். வெறும் பலகையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் ஆசையையெல்லாம் கெடுத்துவிட்டேன் என்று தெரியும். திட்டு. ஆனால் வந்து திட்டு. நான் பிரெஞ்சு படித்துவிட்டேன், கணக்குத் தெரியும், உன் வேஷங்களின் வசனத்தைப் பிரதி எடுத்துக் கொடுப்பேன். வடக்கே போனாலும் கூட வருவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பின்சந்து வழியாக வராதே. பட்டப்பகலில் முன்வாசலுக்கு வா. கறுப்புத் துணி வேண்டாம். கூடையோடு வரும்போது போட்டிருந்தாயே, அந்த மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொள். ஜன்னல் பூராவும் பெண்கள் நிற்பார்கள், லெட்டிஸ் சொல்லிவிட்டாள். அந்தப் பூனைக்குழல்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கத்துவார்களா, ஊதுவார்களா என்று எனக்குத் தெரியாது. நீ பழகியவள்தானே.

மாடியில் இடது பக்கத்திலிருந்து மூன்றாவது ஜன்னல் என்னுடையது. வாசலுக்கு வந்ததும் நிமிர்ந்து பார்.

உன் மகள்,
ஹெப்சி