சுவரில் நிற்காத மருந்து

இன்று காலை எங்கள் எளாவூர் தெருவில் கொசு மருந்து அடிக்க ஆட்கள் வந்தார்கள். ஈரச் சுவரிலிருந்து அந்த டிடிடி வாடை எழுந்ததும் வெளியே போய் நின்றுகொண்டேன். நீ செத்து மூன்று வருஷமாகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

மலேரியாவுக்கு மருந்தடிக்கும் வேலையில் நீயும் நானும் ஒரே பம்பு. நான் மருந்தைக் கலக்கி பம்பு அடிப்பேன்; நீ குழாயைப் பிடித்துச் சுவரில் தெளிப்பாய். ரத்தம் குடித்த கொசு சுவரில்தான் போய் உட்காரும், அங்கே மருந்து இருந்தால் சாகும். காலையில் அடித்த வீட்டுக்கு மத்தியானம் திரும்பிப் போய், காய்ந்த சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்ப்பாய். வெள்ளையாக ஒட்ட வேண்டும் உனக்கு. "தண்ணி காஞ்சி பூடும்டா. மருந்து சுவத்தப் புடிச்சிக்கினு நிக்கணும்" என்பாய். மண்சுவர் பாதியைக் குடித்துவிடும் என்று அதற்கு மட்டும் இரண்டு தடவை அடிப்பாய்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் எந்த வீட்டில் தேய்த்தாலும் உன் கை வெறுமனே வந்தது. எங்களை வேலை வாங்கிய மேஸ்திரி பாதி மருந்துப் பொடியைத் தன் மச்சான் வயலுக்கு அனுப்பிவிட்டு, மீதியில் தண்ணீரைக் கூட்டச் சொல்லியிருந்தார். கூட்டியவன் நான். நீ அவரை நடுத்தெருவில் மறித்தாய்.

"இன்னா மேஸ்திரி, வெறுந்தண்ணியா அடிக்கிறோம்? ஜனங்க சாவட்டும்னா?"

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. சரியாத்தானே கலக்குனே?"

நீயும் என்னைத்தான் பார்த்தாய்.

"சரியாத்தான் கலக்குனேன்" என்றேன். கல்யாணமாகி நாலு மாதம். வேலை போய்விடுமோ என்று பயம். போனது உன் வேலை.

அடுத்த வாரம் உன் வீட்டுக்கு நானே வந்து அடித்தேன். உன் வீட்டுக்காவது கெட்டியாகக் கலக்கியிருக்கலாம். மேஸ்திரி வாசலில் நின்றிருந்தார், கலக்கவில்லை.

ஐப்பசியில் உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நினைவு தப்பியது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக நான் லாரி பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

உன் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணா, எங்க ஊட்டுக்கு நீதானே மருந்தடிச்சே? அப்புறம் எப்பிடிண்ணா காய்ச்சல் வந்துச்சி?"

"மருந்து மேல சாணி மெழுகுனியா?" என்று கேட்டேன். மெழுகினால் மருந்து மூடிப்போகும் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தவர்கள் நாம்.

"அடுப்பாண்ட மட்டும் கொஞ்சூண்டு மெழுகுனேண்ணா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தான் மெழுகிய கையால்தான் நீ போனாய் என்று இன்றும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். என்னிடமும் சொன்னாள், போன மாதம்கூட. கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.