உங்களுக்காக நான் சொன்ன பதில்

என் அன்பு அப்பாவுக்கு,

மங்கலம் சாலையில் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறோம். அம்மா சாப்பிடுகிறார், தூங்குகிறார், உங்களைத் திட்டுவதை மட்டும் விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் அண்ணன் உங்களைப் பற்றிப் பேசினார். செக்கிங் மேசையில் பிசிர் வெட்டிக்கொண்டே உங்கள் கட்சியின் சுயாட்சிக் கோரிக்கையை அவருக்கு விளக்கினீர்களே, நினைவிருக்கிறதா? "கம்பனி ஒண்டுதான் தம்பி. ஆனா துணியை எப்பிடி வெட்டுறது எண்டு கட்டிங் மாஸ்டர்தானே முடிவெடுக்க வேணும்? எங்கட காணி, எங்கட பள்ளிக்கூடம், எங்கட மொழி. அதை நாங்களே பாக்கிறம் எண்டுதான் கேட்டனாங்கள்."

"இதுக்கேனுங்க இத்தன சண்ட?" என்றார் அவர். நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டீர்கள்.

இலங்கையிலிருந்து அகதியாக வந்த பிறகும் நீங்கள் கட்சியை விடவில்லை. நம் ஊர்ப் பையன்களே "சுயாட்சி ஐயா" என்று கேலி செய்தார்கள். துவக்குத் தூக்கிப் போராடியவர்களுக்கே கிடைக்காதது உங்கள் தீர்மானங்களுக்கா கிடைக்கப்போகிறது என்று நானும் எத்தனை தரம் கத்தியிருப்பேன்! நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அப்பா, இதை எப்படிச் சொல்வது? நீங்கள் கண்ணை மூடிய சில மாதங்களில் அங்கே போர் முடிந்துவிட்டது. சனங்களையும் சேர்த்து முடித்துவிட்டார்கள். அம்மா பார்த்துவிடக் கூடாதென்று டிவி ஒயரைப் பிடுங்கி வைத்தேன். நீங்கள் இதையெல்லாம் பார்க்காமல் போனதே நல்லது என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. இந்த நேரத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமி பேசினார். ஆமாம், உங்கள் தங்கச்சிதான், உயிரோடு இருக்கிறார். முள்கம்பி போட்ட முகாமுக்குள்ளிருந்து, யாருடைய போனிலோ. பிள்ளைகள் இரண்டு பேரும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அண்ணையிட்டக் குடு பிள்ளை, கதைக்க வேணும்" என்றார். நீங்கள் செத்துப்போனது அவருக்குத் தெரியாது. அந்த மாதங்களில் எந்தச் செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது?

பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவரிடம் அண்ணனும் போய்விட்டார் என்று எந்த வாயால் சொல்வேன்? "அப்பா குளிக்கிறார் மாமி" என்றேன்.

"அப்ப நீயே கேட்டுச் சொல்லு. இங்க தேர்தல் வைக்கப்போறாங்களாம். அண்ணையின்ர கட்சியும் நிக்குதாம். எல்லாம் போயிட்டுது பிள்ளை. இனியும் நாங்கள் கேக்கலாமோ எண்டு அவரிட்டக் கேள்" என்றார்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு பொதுக் குளியலறை வரை நடந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. மாமிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக "அப்பா" என்று கூப்பிட்டேன். நீங்கள் போன பிறகு அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கேக்கலாமாம் மாமி" என்றேன். "கட்டாயம் கேக்க வேணுமாம்."

மாமி அழுதார். நானும்தான்.

அடுத்த முறை அவர் பேசும்போது, நீங்கள் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன் அப்பா. அப்படியென்றால் அன்றைக்கு அந்தப் பதிலைச் சொன்னது யார் என்று கேட்பார். நான்தான் என்று சொல்வேன்.

உங்களோடு ஓயாமல் மல்லுக்கட்டிய
உங்கள் இளைய மகள்