வெயிலில் கிடந்த நீலத் துண்டு

என் சாந்திக்குட்டி, நான் இடுப்பில் சுமந்து வளர்த்த தங்கச்சியே,

நீ போய் மாதம் ஒன்று தாண்டிவிட்டது. ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே. கட்டுகஸ்தோட்டையில் பின்னேரமானால் மழைதான். தையல் கடையில் பள்ளிக்கூட உடுப்பு குவிந்து கிடக்கிறது.

நீ ஆராய்ச்சி செய்த பேராதனைக் கம்பஸிலிருந்து ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் கொண்டுவந்து கடை வாசலில் பிடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வெயில் பட்டதும் நீலம் ஏறியது. உள்ளே கொண்டுவந்தால் மெல்ல மெல்ல வெள்ளையானது. "பேய்த் துணிடி!" என்று கத்தினேன். நீ என் மேசையில் கிடந்த ஹூக்கை எடுத்துக் காட்டினாய்.

"இந்தச் சாயத்துல இருக்கிற மூலக்கூறு எல்லாம் இது மாதிரிதான் அக்கா. வெயில் பட்டா ஹூக்கு கழருது, கலர் வருது. நிழலுக்கு வந்தா தானா மாட்டிக்கிது. ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஒடைஞ்சி போகுது. ஒடையாத ஹூக்கு செய்யத்தான் மண்டைய ஒடைக்கிறேன்."

"எங்கிட்ட கேட்டிருந்தா பித்தளை ஹூக்கு குடுத்திருப்பேனே!"

எவ்வளவு சிரித்தோம்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, யாருக்காவது கொடுக்கலாமென்று உன் உடுப்பைத் துவைத்தேன். வெள்ளைக் கோட்டுப் பைக்குள் இன்னொரு துண்டு இருந்தது. அதையும் கொடியில் போட்டேன். நீலம் ஏறியதும் எடுக்க மனம் வரவில்லை. அன்றைக்கு அதிசயமாக மழை இல்லை; காலையிலிருந்து பின்னேரம் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னக்கா, சொட்டு நீலம் கூடிப்போச்சா?" என்று பக்கத்து வீட்டு ராணி கேட்டாள். மறுநாள் வெயிலில் பிடித்தால் நிறம் வெளிறித்தான் வந்தது. சாயத் துணியை நிழலில் காயப்போட வேண்டுமென்று ஊருக்கே சொல்கிறவள் நான்.

பயந்துபோய் பேராதனைக்கு பஸ் ஏறினேன். உன்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை கவிதா நான் சொன்னதைக் கேட்டுத் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"முழுநாளும் வெயிலிலயோ அக்கா? பழைய சாயமெண்டால் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். இது அவள் கடைசியாச் செய்தது. எத்தினை தரம் தாங்குதெண்டு, லாப்பில வெயில் மாதிரி எரியிற விளக்குக்குக் கீழ திரும்பத் திரும்ப வச்சுப் பாக்கவேணும்."

"பாத்து முடிஞ்சா?"

"பிறகு நிறம் வராது அக்கா."

"அப்ப தரமாட்டேன்." பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலு நாளாக அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். அங்கே அது வெறும் வெள்ளைத் துணி. இப்படிப் பூட்டி வைக்கவா நீ அவ்வளவு பாடுபட்டாய்?

நாளைக்குக் கவிதாவிடம் கொடுக்கப் போகிறேன். உன் கடைசி மூச்சின் நேரம் நான் ஆஸ்பத்திரிப் படியேறிக்கொண்டிருந்தேன். வந்து சேரவில்லை. இதையும் அப்படித் தனியாகப் போக விடமாட்டேன். அந்த விளக்குக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன், கடைசி நீலம் வந்து போகிற வரைக்கும்.

உன் கூடப்பிறந்தவள்,
லட்சுமி அக்கா